அடக்கவிலைக் கணக்கோடு பரோசாவுக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் நெடுநாள் பட்டறை நடத்தியவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் மனம் தானாக அதற்கு அடக்கவிலை போட ஆரம்பித்துவிடும். மூலப்பொருள் இவ்வளவு, மெஷின் நேரம் இவ்வளவு, கூலி இவ்வளவு, லாரி வாடகை இவ்வளவு, வரி இவ்வளவு. இத்தனையும் போக மிஞ்சுவது பெயருக்காக நாம் கொடுக்கும் காசு. 1964இல் எஸ்டேட் வந்ததிலிருந்து சைக்கிளுக்கும் லாரிக்கும் ஆவடியில் செய்த டாங்கிக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுத்தே பிழைத்த ஊர் இது. இங்கே விலைப்பட்டியலைப் பார்த்து யாரும் மயங்குவதில்லை.

இந்தக் கண்ணோடுதான் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் ஊர்களைப் பார்க்கப் போனேன். மகளும் மாப்பிள்ளையும் அடிலெய்டில் இருக்கிறார்கள். மார்ச் மாதம் அங்கே திராட்சை அறுவடை. "வர்றதுன்னா இப்ப வாங்கப்பா, கொடியெல்லாம் காய்ச்சுக் கிடக்கு" என்றாள் மகள். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இறங்கி மாற வேண்டும்.

சென்னைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சரக்குப் போக்குவரத்து புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் நியூ சவுத் வேல்ஸ் குதிரைகள் கப்பலேறி மதராஸ் கரையில் வந்து இறங்கின. 'வேலர்' என்று அவற்றுக்குப் பெயர். குதிரைப் படைக்கும் பீரங்கி வண்டிக்கும் அவைதான் ஓடின. அந்தக் குதிரைகள் வந்த வழியில் இன்று பருப்பு வருகிறது, கம்பளி வருகிறது, கொஞ்சம் ஒயினும் வருகிறது.

மலிவு என்று பெயரெடுத்த நாடு

ஆஸ்திரேலிய ஒயின் என்றால் நம்மில் பலருக்கு விமான நிலையத்து டூட்டி ஃப்ரீ கடையில் பார்த்த ஒன்றிரண்டு பெயர்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று 'ஜேக்கப்ஸ் கிரீக்'. இன்னொன்று லேபிளில் கங்காரு இனத்து விலங்கு தாவும் 'யெல்லோ டெயில்'. ரிவரினா பகுதியைச் சேர்ந்த கசெல்லா குடும்பம் 2001இல் அதை அமெரிக்காவில் இறக்கியது. லேசான இனிப்பு, துவர்ப்பே தெரியாத மென்மை, கைக்கடக்கமான விலை. பீர் குடித்துப் பழகியவர்கள்கூட வாங்கினார்கள். விற்பனை எகிறியது. கூடவே 'ஆஸ்திரேலியா என்றால் மலிவு இனிப்புச் சரக்கு' என்ற முத்திரையும் விழுந்தது. நல்ல ஒயின் தேடுபவர்கள் அந்த நாட்டு அலமாரியைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள்.

அடுத்து சீனா கைகொடுத்தது. ஆண்டுக்கு நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அங்கே ஒயின் போனது. அரசியல் உறவு கசந்ததும் 2020 நவம்பரில் சீனா தண்டவரி போட்டது. சில கம்பெனிகளுக்கு அது 200 சதவீதத்தைத் தாண்டியது. வியாபாரம் ஏறக்குறைய நின்றே போனது. 2024 மார்ச்சில் வரியை விலக்கினார்கள். அதற்குள் தொட்டிகளில் சிவப்பு ஒயின் நிரம்பி வழிந்தது. மர்ரி ஆற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் ரிவர்லேண்ட் விவசாயிகள் போட்ட செலவுகூடத் திரும்பாமல் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். ஒரே ஒரு பெரிய கஸ்டமரை நம்பி மெஷின் வாங்கிப் போட்டவர்களின் கதி என்ன என்று எஸ்டேட்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விற்பவனுக்கு வந்த இந்தக் கஷ்டத்தில்தான் வாங்குபவனுக்கு நல்ல சரக்கு நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. அடிலெய்டின் மதுக்கடை ஒன்றில் பிராண்ட் பெயரே இல்லாத பாட்டில்கள் வரிசையாக நின்றன. 'கிளீன்ஸ்கின்' என்கிறார்கள். திராட்சை வகை, ஆண்டு போன்ற சில விவரங்கள் மட்டும் சிறு எழுத்தில் இருக்கும். தோட்டத்தின் பெயர் வெளியே தெரியாது. பெரிய கம்பெனிக்குக் கடைந்து கொடுத்தது போக மிஞ்சிய அதே பேரிங்கை, பெட்டியில் பெயர் அச்சடிக்காமல் பாதி விலைக்குப் பாரிமுனையில் தள்ளிவிடுவது போன்ற ஏற்பாடு. பெயருக்குத் தரும் காசைக் கழித்துவிட்டால் ஒயினின் அடக்கவிலை என்ன என்பதை அந்த அலமாரி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கொடிகளுக்கு நடுவே நடக்காதீர்கள்

அடிலெய்டிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் பரோசா பள்ளத்தாக்கு. லிண்டாக், தனுண்டா, நூரியூட்பா, அங்காஸ்டன் என்று சின்னச் சின்ன ஊர்கள். ஊருக்கு ஊர் ஊசிக் கோபுரத் தேவாலயம். தெற்கு ஆஸ்திரேலியா கைதிகளைக் கொண்டு குடியேற்றிய பகுதியல்ல. 1836இல் தொடங்கிய இந்தக் குடியேற்றத்துக்கு, பிரஷ்ய அரசரின் மதக் கெடுபிடி தாங்காமல் சிலேசியாவிலிருந்து லுத்தரன் கிறிஸ்தவர்கள் கப்பலேறி வந்தார்கள். 1842இல் பரோசாவில் பெத்தனி என்ற ஊரை அமைத்தார்கள். யோகான் கிராம்ப் என்பவர் 1847இல் ஓர் ஓடையோரம் திராட்சை நட்டார். அந்த ஓடைதான் ஜேக்கப்ஸ் கிரீக். உலகமெங்கும் பாட்டிலில் போன பெயருக்குச் சொந்தமான அந்த ஓடையைப் பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அவ்வளவு சின்னது.

தோட்டத்து வாசல்களில் ஒரு பலகை இருக்கிறது: கொடிகளுக்கு நடுவே நடக்காதீர்கள். காரணம் ஃபிலாக்சரா என்ற பூச்சி. வேரைத் தின்னும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சிறிய உயிர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அது அழித்தது. பக்கத்து மாநிலமான விக்டோரியாவுக்கும் வந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. செருப்பில் ஒட்டிய மண்ணோடு வந்துவிடுமோ என்ற பயம்தான் அந்தப் பலகை. அதனால் ஐரோப்பாவிலேயே அரிதாகிவிட்ட வயதுடைய கொடிகள் இங்கே உயிரோடு இருக்கின்றன. 1843இல் நட்ட, ஷிராஸ் என்ற திராட்சை வகைக் கொடிகள் இன்னும் காய்க்கின்றன.

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டு ஏற்றிய கொடியைப் பார்த்துப் பழகிய எனக்கு இவை திராட்சைக் கொடியாகவே தெரியவில்லை. பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. முறுக்கிய அடிமரம் இடுப்பளவு உயரத்தில் தனித்தனியாக நிற்கிறது. கம்பத்தில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். இங்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரே ஒரு அறுவடை. கிழட்டுக் கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும். காய்த்ததில் சாறு அடர்த்தியாக இருக்கும். 2009இல் பரோசாவில் கொடிகளுக்கு வயது வரிசை வகுத்தார்கள்: 35 ஆண்டு தாண்டினால் ஒரு படி, 70க்கு ஒன்று, 100க்கு ஒன்று, 125க்கு மேல் மூதாதை.

இந்த மூதாதைகள் பிழைத்ததே அதிர்ஷ்டம். 1980களின் நடுவில் ஷிராஸை வாங்க ஆளில்லை. கொடியைப் பிடுங்கினால் காசு என்று அரசே அறிவித்தது. நூறு வயதுக் கொடிகள் பலவும் போயின. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நெருக்கடி தொடங்கிவிட்டது. பீட்டர் லேமன் என்ற ஒயின் தயாரிப்பாளரிடம், விவசாயிகளிடமிருந்து இனி பழம் எடுக்க வேண்டாம் என்று முதலாளிக் கம்பெனி சொன்னது. அவரோ கைகொடுத்து வாக்குக் கொடுத்திருந்தார். 1979இல் தனியாகப் பணம் புரட்டி அந்தப் பழத்தை வாங்கிக் காட்டினார். பின்னர் அவர் பெயரிலேயே கம்பெனி வந்தது. அதன் பாட்டிலில் சீட்டுக்கட்டு ராணி இருப்பது அந்தச் சூதாட்டத்தின் நினைவாக.

பரோசாவிலேயே இருக்கும் செப்பெல்ட்ஸ்ஃபீல்டுக்குப் போகும் சாலையின் இருபுறமும் ஈச்ச மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. 1930களின் பொருளாதார மந்தத்தில் ஒயின் விற்கவில்லை. தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாத செப்பெல்ட் குடும்பம் அவர்களுக்கு மரம் நடும் வேலை கொடுத்தது. ஆலைகள் கதவடைத்த காலங்களை அம்பத்தூரில் கண்ணால் பார்த்தவன் நான். அவர்கள் கிட்டங்கியில் இருந்த பழைய பீப்பாய்களைவிட அந்த மரங்களைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பீப்பாய்க்கும் கதை உண்டு. 1878இலிருந்து ஆண்டுக்கு ஒரு பீப்பாய் 'டானி' வகை ஒயினை நூறு வருடம் தொடாமல் வைத்திருந்து திறக்கிறார்கள்.

துப்புவதும் ஒரு கலை

'செல்லார் டோர்' என்பது தோட்டத்திலேயே இருக்கும் ருசி பார்க்கும் கூடம். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு ஐந்தாறு ஒயின்களை விரற்கடை அளவு ஊற்றித் தருகிறார்கள். பக்கத்தில் ஒரு பாத்திரம்.

"மாமா, வாயில வெச்சுச் சுழட்டிட்டு இதுல துப்பிடணும்" என்றார் மாப்பிள்ளை.

"காசு கொடுத்து வாங்கினதையா?"

"நான் வண்டி ஓட்டணும் மாமா. வழியில நிறுத்தி ஊதச் சொல்வாங்க."

அங்கே ரத்தத்தில் 0.05 சதவீதம்தான் வரம்பு. நம் நாட்டுச் சட்டம் அதையும்விடக் கடுமையானது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். நம் ஊர் சி.டி.எச். சாலையில் ராத்திரி வண்டி ஓட்டுபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாட்டிலின் பின்பக்கம் படிக்க வேண்டியது. ஆஸ்திரேலியாவில் 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அளவு என்று வைத்து, பாட்டிலுக்குள் எத்தனை அளவு இருக்கிறது என்று அச்சிட வேண்டும். 13.5 சதவீத ஷிராஸ் 750 மில்லி என்றால் 8 அளவு. நம் ஊர் பாட்டிலில் மது கேடு என்ற எச்சரிக்கை எழுதியிருக்கும். எச்சரிக்கை வேண்டியதுதான். ஆனால் கையில் இருக்கும் கோப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணச் சொல்லித் தந்தால் இன்னும் பலன் இருக்கும். பால், முட்டை போன்றவற்றைக் கொண்டு ஒயினைத் தெளியவைத்திருந்தால் அதையும் லேபிளில் பார்க்கலாம். எங்கள் பூந்தமல்லி நண்பர் சுத்த சைவம். அவருக்காக அந்த வரியைத் தேடிப் படித்துத்தான் பாட்டில் எடுத்தேன்.

ருசி பார்த்ததில் என் கணக்கு மாறியது. பெயர் பெற்ற பரோசா ஷிராஸ் கனமானது, கருத்தது, மிளகு வாசம் வீசுவது, பலசமயம் 14 சதவீதத்துக்கு மேல் போவது. அதற்கு உச்சியில் இருப்பது பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச். மாக்ஸ் ஷூபர்ட் 1951இல் சோதனையாகச் செய்தார். ருசித்தவர்கள் முகம் சுளிக்க, 1957இல் நிறுத்தச் சொன்னது நிர்வாகம். அவர் ஒளித்து வைத்துச் செய்துகொண்டே இருந்தார். இன்று அது நம்மைப் போன்றவர்கள் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டிய பாட்டில்.

என்னைப் பிடித்து நிறுத்தியவை வேறு. பரோசாவுக்கு வடக்கே கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங்: எலுமிச்சை வாசம், நறுக்கென்ற புளிப்பு, இனிப்பே இல்லை. அந்த ஊர்த் தயாரிப்பாளர்கள் 2000ஆம் ஆண்டு ஒன்றுகூடி கார்க்கைக் கைவிட்டுத் திருகு மூடிக்கு மாறினார்கள். திருகு மூடி என்றால் மட்டச் சரக்கு என்ற எண்ணத்தை உடைத்தவர்களில் அவர்களும் உண்டு. தெற்கே மெக்லாரன் வேலின் கிரனாஷ்: ஷிராஸைவிட லேசான உடம்பு, செம்பழ வாசம், குறைந்த துவர்ப்பு. நியூ சவுத் வேல்ஸின் ஹண்டர் பள்ளத்தாக்கில் விளையும் செமியோன்: 10, 11 சதவீதம்தான் ஆல்கஹால், ஆனால் பத்து வருடம் வைத்தாலும் கெடாது. வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும் இத்தாலிய வகைகளான ஃபியானோவும் நீரோ தாவொலாவும் ரிவர்லேண்டில் புதிதாக வேர்விட்டிருக்கின்றன. ஷிராஸ் அளவுக்கு விளம்பரம் இல்லாததால் தரத்துக்கு ஏற்ற விலை இவற்றுக்கு இன்னும் ஏறவில்லை.

கடைசியாக விக்டோரியாவின் ரதர்க்ளென் மஸ்கட். கொடியிலேயே பழத்தை வாடவிட்டுப் பறித்து, ஸ்பிரிட் சேர்த்து, பீப்பாயில் வருடக்கணக்கில் வைப்பது. மோந்ததும் கோயம்பேடு பழ மார்க்கெட் மூக்கில் வந்து நின்றது. கோயம்பேட்டில் கூடைகூடையாக வரும் கம்பத்துப் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. இரண்டும் ஒரே குடும்பம். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள்; 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே 1832இல்தான் ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவில் திரட்டிய நூற்றுக்கணக்கான திராட்சைக் குச்சிகள் சிட்னிக்குப் போய்ச் சேர்ந்தன. அவர்கள் குச்சியிலிருந்து ஒரு தொழிலையே எழுப்பினார்கள். நாம் பெரும்பாலும் பழமாகவே தின்று தீர்த்தோம்.

இங்கே வந்தால் என்ன விலை?

இனி நம் பக்கத்துக் கணக்கு. தமிழ்நாட்டில் 1983இல் டாஸ்மாக் வந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளும் அதனுடையவை. இறக்குமதி ஒயின் வேண்டுமென்றால் மால்களில் இருக்கும் எலைட் கடைக்குப் போக வேண்டும். அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு அண்ணா நகர்ப் பக்கம்தான் கைக்கெட்டும் தூரம். பிராந்தியும் விஸ்கியும் நிறைந்த கடையில் ஒயினுக்கு ஓர் ஓரம். அந்த ஓரத்தில் ஆஸ்திரேலியாவுக்கு ஒன்றிரண்டு தட்டு. அடிலெய்டில் மாப்பிள்ளை சாதாரண நாளில் வாங்கும் பாட்டில் இங்கே விசேஷத்துக்கு வாங்கும் விலையில் நிற்கிறது.

காரணம் சுங்கவரி. வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியா போட்டது 150 சதவீதம். நூறு ரூபாய்க்குக் கப்பலில் வந்திறங்கும் பாட்டில் துறைமுகத்தைத் தாண்டும்போதே 250 ரூபாய். மாநில வரியும் லாபமும் அதன் தலையில் ஏறும். 2022 ஏப்ரலில் கையெழுத்தாகி அதே ஆண்டு டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் இளக்கியது. இறக்குமதி விலை 5 அமெரிக்க டாலருக்கு மேல் உள்ள பாட்டிலுக்கு வரி உடனே 100 ஆகக் குறைந்தது. பத்து ஆண்டுகளில் படிப்படியாக 50க்கு இறங்கும். 15 டாலருக்கு மேல் உள்ளதற்கு உடனே 75, முடிவில் 25. ஐந்து டாலருக்குக் கீழே சலுகை கிடையாது.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அங்கே ஆக மலிவானது இங்கே முழு வரியைச் சுமக்கிறது. ஒயினின் அடக்கத்தைவிட வரிக்கே அதிகம் கொடுக்கிறோம். நடுத்தர விலைச் சரக்குக்கு வரிப் பங்கு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. சென்னைக்காரனுக்கு ஆஸ்திரேலியாவில் லாபமான பாட்டில் என்பது அந்த நடுத்தட்டுதான். பெயர் தெரிந்த ஆக மலிவானதை இங்கே தேடி வாங்குவது வரியை வாங்கிக் குடிப்பதற்குச் சமம்.

அடுத்தது வெயில். ஒயினை 15 டிகிரி வாக்கில் வைத்தால் நல்லது. ஆவடியில் மே மாதம் 40 தொடும். நான் போன கடை ஒன்றில் விளக்குக்குக் கீழே சூடேறிய தட்டில் சிவப்பு ஒயின் நிமிர்ந்து நின்றது. அப்படி நின்ற பாட்டிலில் பழத்தின் வாசம் வதங்கிப்போயிருக்கும். கடையில் பின்வரிசையிலிருந்து, சமீபத்து ஆண்டுச் சரக்காக, திருகு மூடி போட்டதாகக் கேட்டு எடுப்பது உத்தமம்.

ஊர் திரும்பியபின் ஆவடி நண்பர் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் உட்கார்ந்தோம். டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வஞ்சிரம் வறுவல், மட்டன் சுக்கா, பூந்தமல்லி நண்பர் கொண்டுவந்த உருளைக்கிழங்கு காரக்கறி. முதலில் ஷிராஸ். சுக்காவின் மிளகோடு அது சேரும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டு வாய்க்குப் பின் ஆவடிக்காரர் கோப்பையைத் தள்ளினார்: "தலைவரே, காரம் தலைக்கேறுதே." ஏறத்தான் செய்யும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் துவர்ப்பும் கூட்டிவிடும். குளிர வைத்த ரீஸ்லிங்கை ஊற்றியதும் மீன் காலியானது. எலுமிச்சை பிழிந்து தின்பதை எலுமிச்சை வாசத்தோடு குடித்தார்கள், அவ்வளவுதான். சுக்காவுக்கு கிரனாஷ் ஒத்துப்போனது. அதையும் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் ஊற்றினோம். சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' பரிமாறு என்ற விதி சென்னை அறைக்குச் செல்லாது. பால்கோவாவோடு ஒரு மடக்கு மஸ்கட் தொட்டதும் பூந்தமல்லிக்காரர், "இது எங்க ஊர்ப் பன்னீர் திராட்சையேதான்" என்று அடித்துச் சொன்னார்.

ஆகவே என் தீர்ப்பு இது. குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. குடிப்பவர்கள் அளவை எண்ணிக் குடியுங்கள், வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். எலைட் கடையில் ஆஸ்திரேலியத் தட்டைப் பார்த்தால் பெரிய ஷிராஸைத் தாண்டி, கிளேர் ரீஸ்லிங் இருக்கிறதா, கிரனாஷ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் கேளுங்கள், கேட்கும் சரக்கைத்தான் கடை கொண்டுவரும். அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் ஊருக்கு வந்தால் ஒரு கணக்குச் சொல்லி அனுப்புங்கள். இந்தியாவுக்குள் வரும் ஒரு பயணி வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று சுங்கம் அனுமதிப்பது 2 லிட்டர். 750 மில்லி ரீஸ்லிங் ஒன்று, 750 மில்லி கிரனாஷ் ஒன்று, 500 மில்லி மஸ்கட் ஒன்று. மொத்தம் சரியாக 2 லிட்டர்.